பொம்மைக்குச் சேலை மாற்றும் நேரம்

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எச்சில் இலைகூடக் கலையாகிவிடும் என்று நம்பும் பருவம் ஒன்று சிலருக்கு வரும். எனக்கு அது பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் வந்து தொலைத்தது.

அப்போது பரமக்குடியில் ஓர் உரக்கடையில் வேலை. பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். கடைகளின் கண்ணாடி ஷோகேஸ்களை மட்டுமே எடுப்பேன். (சிநேகிதன் காதுகுத்துக்குக் கூப்பிட்டான். 'நான் மனிதர்களை எடுப்பதில்லை' என்றேன். அடிக்காமல் விட்டான்.)

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது, ஆச்சரியம், அவளுக்கும். மிச்சம் அவளுடைய தாய்மாமன்தான். எங்கள் பக்கத்தில் அவர் தலையாட்டாமல் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள். மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஒரு டீயைக் குடித்துக்கொண்டே பையனைப் பற்றி விசாரிப்பார். பெண் பார்த்த அன்று அவர் ஊரில் இல்லாததால் எனக்கு ஆளைத் தெரியாது.

அன்று மத்தியானம் ஒரு ஜவுளிக்கடையின் ஷோகேஸ் முன்னால் மண்டி போட்டிருந்தேன். உள்ளே பொம்மை கட்டியிருந்தது வெறும் சிவப்புச் சேலை. கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். கடைக்காரப் பெண் அதை அவிழ்த்துவிட்டுக் கட்டம் போட்ட சேலை கட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு பிலிமும் வீணாகக்கூடாதென்று கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன்.

எதிர்த்த டீக்கடையில் ஒருவர், "உரக்கடைத் தம்பி ஆளு எப்படி?" என்று கேட்டாராம். டீ மாஸ்டர், "அந்தா, அங்கன பொம்மையப் பாத்து மண்டி போட்டிருக்காருல்ல, அவருதான்" என்றாராம். (இதெல்லாம் பின்னால் தெரிந்தது.)

கடைப்பெண் முந்தானையை இறக்கிய நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் இடித்தது.

"என்ன தம்பி, ரொம்ப நேரமா இங்கன?"

திடுக்கிட்டதில் விரல் அழுந்திவிட்டது. வேட்டி, மீசை, கையில் டீ கிளாஸ். பிலிமைக் கெடுத்த எரிச்சலில் உண்மையைச் சொன்னேன்.

"சேலையை அவுக்கட்டும்னு நிக்கிறேண்ணே."

கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"படம் எடுக்கத்தாண்ணே" என்றேன் அவசரமாக.

"எங்க, எடுத்ததக் காட்டுங்க."

"இப்பக் காட்ட முடியாதுண்ணே. பிலிமக் கழுவணும்."

கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் திரை இல்லை, வெறும் தகரம். "நாந்தான் பொண்ணுக்குத் தாய்மாமன்" என்று சொல்லி, கேமராவையும் காலி கிளாஸையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் என்னைப் பெற்ற அய்யா போன் செய்தார். "ஏலே, ஊருல எத்தனையோ பொம்பளைக இருக்க, ஒனக்குப் பொம்மைதானா கிடைச்சுச்சு?"

சம்பந்தம் அந்தரத்தில் நின்றது. ரோலை மதுரைக்கு அனுப்பிக் கழுவி வரவழைத்தேன். வந்த படத்தை நான் பார்ப்பதற்குள், கிளம்பி வந்திருந்த அய்யா பிடுங்கி, ஆதாரம் கிடைத்துவிட்டதென்று என்னையும் இழுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார்.

படத்தை முதலில் வாங்கியது தாய்மாமனின் மனைவி. வாங்கியவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எட்டிப் பார்த்தேன். கீழிருந்து மேல்நோக்கி எடுத்ததால் நான் படத்திலேயே இல்லை. கண்ணாடியில் பிரதிபலித்து, பாதி அவிழ்ந்த பொம்மையின் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, வாயைத் திறந்தபடி நின்றது தாய்மாமன். பார்வை அவிழ்ந்த பக்கத்தில். கூர்மையில் குறை சொல்ல முடியாது. நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அதுதான்.

அத்தை படத்தைக் கணவர் பக்கம் திருப்பினார்.

"அந்தத் தம்பி படம் பிடிக்க நின்னாரு, சரி. நீங்க எதுக்கு நின்னீக?"

உள்ளறையில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "பையன் தங்கமான பையன். அண்ணே, நல்ல நாளாப் பாருங்க" என்றார் அய்யாவிடம்.

உள்ளே சிரித்தவள்தான் என் மனைவி. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அந்தப் பொம்மைக்கு எங்கள் வீட்டில் 'மூத்தவ' என்று பெயர். பரமக்குடிக்குக் கிளம்பும்போதெல்லாம், "அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்பாள். தாய்மாமன் வந்தால் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அத்தை நாற்காலியைத் திருப்பிப் போடுவார்.