முதற்பாட்டுக்கு நான் எழும்பிய கதை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. அந்த ஏழு பேரில் ஒருவர்கூடச் சபையில் எனக்குத் தலைகுனிவு தேடித் தந்ததில்லை. அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுகிறார்கள். மூத்தவன் சொல்லும்போது தீயணைப்பு வண்டி வருகிறது. (வரவில்லை.) ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய் என்ற ஊரில் இருக்கிற மகள் சொல்லும்போது நான் மேடையில் ஏறிவிடுகிறேன். (ஏறக்கூடிய முழங்காலா இது? அதோடு அவள் அன்றைக்கு அங்கே வரவேயில்லை.) ஆகவே செய்தவளே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. மன்னாரில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து ஆடி அசைந்துதான் வரும். வரட்டும், எனக்கும் ஒரு அவசரமும் இல்லை.

என் கடைசி மகள் றீனா ஒரு வெள்ளைக்காரப் பொடியனை விரும்பினாள். பெயர் டானியல். நல்ல பிள்ளை. எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, புட்டைக் கையால் சாப்பிடுவான். என்னை "மிஸஸ்" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அவனுக்குத் தாய் மட்டும்தான். மார்கரெட் என்று பெயர். நாங்கள் இப்போது இருக்கிற நகரமும் ஒரு தீவுதான்; அதன் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை சந்தித்ததில்லை.

றீனா ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். அவளுடைய அண்ணனின் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் முறுகி, இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவந்தால்தான் நான் கட்டுவன். இல்லாட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அந்த மார்ச் மாதம் மார்கரெட் ஒரு பாட்டு நாடகத்தில் பாடுகிறாராம், நாங்கள் போய்ப் பார்க்க வேண்டுமாம், முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிக்க வேண்டுமாம். என் பிள்ளையின் கல்யாணம் அந்தத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் கிடக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. மயில்கழுத்துப் பட்டுச் சீலையை எடுத்து உடுத்தேன்.

காரில் போகும்போது முழுக்க எனக்குப் பாடம் நடந்தது.

"அம்மா, அங்க போய்ச் சத்தமாக் கதைக்காதேங்கோ. மற்ற ஆக்கள் என்ன செய்யினமோ அதைப் பாத்துச் செய்யுங்கோ."

"எனக்குச் சபை தெரியாதெண்டு நினைச்சியோ?"

"அதுக்கில்லை அம்மா."

"அப்ப எதுக்கு?"

கார் ஓட்டிக்கொண்டிருந்த டானியல் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பேச்சை மாற்றி, அது என்ன நாடகம் என்று கேட்டேன். அவன் ஆங்கிலத்தில் சொல்ல, றீனா தமிழில் சொன்னாள். விக்டோரியா மகாராணி காலத்துச் சிரிப்பு நாடகமாம். திரை திறந்ததும் கதை தொடங்காதாம். முதலில் ஒரு கூட்டமாக ஆட்கள் வந்து, தாங்கள் யார், என்ன வேலை செய்கிறவர்கள் என்று எல்லோருமாகப் பாடுவார்களாம். அந்தக் காலத்தில் இப்படியான நாடகம் எதை எடுத்தாலும் அநேகமாக அப்படித்தானாம். மார்கரெட் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

"எல்லாரும் ஒரேதரத்தில சொன்னா ஆர் ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

"அவையள் எல்லாரும் ஒரே வேலைதான் அம்மா. உடுப்புத் தோய்க்கிற பொம்பிளையள்."

"தெரிஞ்ச வேலையை ஏன் பாடிக் காட்டோணும்?"

"நீங்க போய்ப் பாருங்கோவன்."

எனக்கு அந்த முறை பிடித்துப்போயிற்று. நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆறு மணித்தியாலம் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் யார், எவர் என்று வீட்டுக்கு வந்த பிறகும் தெரியாது. வந்தவுடன் எழும்பிப் பாடிச் சொல்லிவிட்டால் எவ்வளவு வசதி.

நாடகம் நடந்த இடம் பழைய ஆங்கிலக் கோயில் ஒன்றின் மண்டபம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோயில் மண்டபம், மரக்கதிரைகள், சுவரில் சிலுவை, ஓரத்தில் பியானோ. எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். என் வலப்பக்கம் கைத்தடியோடு ஒரு வயதான துரை, அவருக்கு அப்பால் அவருடைய மனைவி. இடப்பக்கம் றீனா, அவளுக்கு அடுத்தது டானியல்.

முதலில் பாட்டில்லாமல் வாத்தியம் மட்டும் நெடுநேரம் வாசித்தார்கள். சனம் இனிப்புத் தாளைச் சரசரவென்று உரித்தது. ஒருவர் இருமினார், ஒருவர் பின்னால் திரும்பிக் கதைத்தார். கோயிலுக்குள் இப்படியா இருப்பது என்று எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. அப்போது திரை விலகியது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளை ஏப்ரனும் போட்ட பெண்கள், கையில் கூடைகளோடு, இரண்டிரண்டு பேராக மெல்ல நடந்து வந்தார்கள். மேடையின் குறுக்கே கொடியில் வெள்ளைத் துணிகள் தொங்கின. பியானோ ஒருமுறை உயர்ந்து நின்றது. பாட்டுத் தொடங்கியது.

நான் எழும்பினேன்.

சும்மா எழும்பவில்லை. சிலுவை அடையாளம் போட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு எழும்பினேன். பூசையில் குருவானவர் பவனியாக உள்ளே வர, வருகைப் பாடல் தொடங்கினால் எழும்பாமல் இருப்பார்களா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவிலும் முதற்பாட்டுக்கு எல்லோரும் எழும்புவார்கள். நான் பிறந்ததிலிருந்து முதற்பாட்டுக்குக் கதிரையில் இருந்துகொண்டிருந்த ஆளை நான் கண்டதில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமலே நிமிர்ந்துவிட்டன.

றீனா சீலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இருங்கோ. அம்மா." இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று நினைத்து, சீலைத் தலைப்பை அவளுடைய கையிலிருந்து விடுவித்தேன்.

இனி நடந்தது என் பிழையில்லை. (எண்டு இண்டைக்கும் சொல்லுவன்.) பெண் ஒருத்தி நிற்கும்போது தான் இருப்பது மரியாதையில்லை என்று பக்கத்துத் துரை தடியை ஊன்றி எழும்பினார். அவர் எழும்பியதால் மனைவி எழும்பினார். அவர்கள் எழும்பியதால், இது ராணிக்கு எழும்பி நிற்கிற பாட்டு என்று நினைத்தார்களோ என்னவோ, முன்வரிசை முழுதும் எழும்பியது. முன்வரிசை மறைத்ததால் பின்வரிசை எழும்பியது. அதற்குப் பின்வரிசையும் அப்படியே. திரும்பிப் பார்த்தேன், மண்டபம் முழுதும் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. றீனா சொன்னாளே, மற்றவர்கள் செய்வதைச் செய்யுங்கோ என்று. இப்போது எல்லோரும் ஒன்றைத்தான் செய்கிறோம்.

பிறகுதான் மேடையைச் சரியாகப் பார்த்தேன். கூடைகளுக்குள்ளிருந்து ஆண்களின் நீளக் காற்சட்டைகள் வெளியே வந்தன. பெண்கள் அவற்றைத் தொட்டியில் போட்டு அடித்துத் தோய்த்தார்கள். ஒருத்தி ஒரு காற்சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சபையைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

வருகைப் பவனியில் வருகிறவர்கள் கண்ணடிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

அப்போதே கதிரையில் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை பேரை எழுப்பிவிட்டு நான் எப்படி முதலில் இருப்பது? மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் முதலில் இருப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பாட்டோ முடிகிறபாடில்லை. முடிந்தது என்று நினைத்தால் திரும்பவும் முதல் அடிக்கு வருகிறது. பியானோக்காரர் சபையைத் திரும்பிப் பார்த்தார், பயந்துபோய்த் தலைகுனிந்து வணக்கம் சொன்னார், விட்ட இடத்தை மறந்து முதலிலிருந்து வாசித்தார். பாதிப் பெண்கள் முதலுக்குப் போனார்கள், பாதிப் பேர் முடிவில் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பிந்தி வந்த இரண்டு பேர் பின்கதவால் நுழைந்திருக்கிறார்கள். உள்ளே எல்லோரும் எழும்பி நிற்கிறார்கள், மேடையில் குழப்பம். ஏதோ ஆபத்து, சனம் வெளியேறப் போகிறது என்று நினைத்து, அதில் ஒருவர் ஓடிப்போய் அவசர வாசலைத் தள்ளித் திறந்தார். அபாய மணி அலறியது.

ஐந்து நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் வெளியே பனிக்குள் நின்றோம்.

தோய்க்கிற பெண்கள் அரைக்கைச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட மண்டபப் பொறுப்பாளர் ஒருவர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கத்திக்கொண்டு திரிந்தார். நெருப்பில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். இனி யார் காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கதவைத் திறந்தவர், "எல்லாரும் நின்றார்கள்" என்றாராம். நின்றவர்கள், "முன்னால் நின்றார்கள்" என்றார்களாம். அப்படியே வரிசை வரிசையாக முன்னுக்கு வந்து, கைத்தடித் துரையிடம் வந்து நின்றது விசாரணை. அவர் மிக மரியாதையாகத் தடியால் என்னைக் காட்டினார்.

எல்லோருடைய முகமும் என் பக்கம். என் சீலைக்கரை பனியில் நனைந்துகொண்டிருந்தது. றீனாவைப் பார்த்தேன், அவள் நிலத்தைப் பார்த்தாள். என் பிள்ளையின் வாழ்க்கையை ஒரு பாட்டில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "சொரி" இருக்கிறது. அது வெளியே வரவில்லை.

டானியல் எனக்கு முன்னால் வந்து நின்றான். மஞ்சள் மேலங்கிக்காரரிடம் ஏதோ சொன்னான். றீனா சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"இவ என்ர மாமியார், இவ எழும்பினதில ஒரு பிழையுமில்லை எண்டு சொல்லுறான்."

"மாமியாரோ? ஆர் முடிவெடுத்தது?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும் அம்மா."

தோய்க்கிற பெண்களில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கன்னத்தில் வட்டமாகச் சிவப்புச் சாயம், தொப்பி சரிந்து ஒரு காதில் தொங்கியது. கண்ணடித்தவர். அவர்தான் மார்கரெட். மகன் சொன்னதை அவரும் அப்போதுதான் கேட்டிருக்கிறார். மகனை ஒரு பார்வை, றீனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் ஏதோ கேட்டார்.

"ஏன் எழும்பினீங்கள் எண்டு கேக்கிறா."

"எங்கட சனம் முதற்பாட்டுக்குக் கதிரையில இருக்காது எண்டு சொல்லு."

றீனா சொன்னாள். மார்கரெட்டின் பல் குளிரில் கிட்டியதைப் பார்த்து, நான் என் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டேன். அவர் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு நீளமாகப் பேசினார். அந்தக் காலத்துப் பணக்காரர் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்துப் பிந்தித்தான் வருவார்களாம். தவறவிட்டாலும் கதை கெடாத மாதிரித்தான் முதற்பாட்டை வைப்பார்கள் என்று தங்களுடைய குழுவில் சொல்லுவார்களாம். அவர் எத்தனையோ வருடமாக முதற்பாட்டுப் பாடுகிறாராம். சனம் அந்த நேரத்தில்தான் கதிரை தேடும், இனிப்பு உரிக்கும். நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவாம்.

"அப்ப ஆருக்குத் தாங்கள் ஆரெண்டு சொல்லுகினம்?" என்று கேட்டேன்.

றீனா அதையும் மொழிபெயர்த்தாள். மார்கரெட் சிரிக்கத் தொடங்கினார். கன்னச் சாயம் கரைந்து கழுத்துவரை வழியும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: தயவுசெய்து இனிமேல் கடைசிப் பாட்டுக்கு எழும்பட்டுமாம், அதுதான் தங்களுக்குப் பிரயோசனமாம்.

நாடகம் திரும்பவும் தொடக்கத்திலிருந்து நடந்தது. பியானோ தொடங்கியதும் மண்டபம் முழுதும் என்னைத்தான் பார்த்தது. கைத்தடித் துரை பாதி எழும்பிக் காத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். அவரும் நிம்மதியாகக் கதிரையில் இருந்தார்.

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எப்படியும் குடித்தோம். மார்கரெட் என் கோட்டைத் திருப்பித் தரும்போது கழுத்துப் பட்டியில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. எத்தனை தரம் கழுவியும் போகவில்லை.

அடுத்த வருடம் எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. மார்கரெட்டின் பாட்டுக் குழுவும் வந்தது. வாத்தியக்காரப் பொடியன் கீபோர்டில் சுருதி சரியாக இருக்கிறதா என்று ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தான். வெள்ளைக்காரப் பக்கம் முழுதும் எழும்பி நின்றது. பூசை வைக்கிற சுவாமி இன்னும் உடுப்பே மாற்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தப் பாட்டைத் தொடங்கினாலும், தொலைக்காட்சி விளம்பரமாக இருந்தாலும், பிள்ளைகள் கைகூப்பி எழும்பி நிற்கிறார்கள். மார்கரெட் வந்திருந்தால் அவர்தான் முதலில் எழும்புவார்.

எல்லோருக்கும் நான் எழும்பிய கதைதான் தெரிகிறது. எனக்கு முன்னால் வந்து நின்றவனைப் பற்றி ஒருவரும் சொல்லுவதில்லை. நானும் இத்தனை வருடத்தில், அவனுக்குத் தமிழ் விளங்கத் தொடங்கிய பிறகும், அதைப் பற்றி அவனிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சம்பந்தியோடு சிரித்துக் கதைக்கிற எனக்கு, மருமகனிடம் அப்படி என்னத்தைச் சொல்லுவது என்று தெரியவில்லை. அவனுடைய மகளைத்தான் கூப்பிட வேண்டும்.

எமிலி, இங்க வா பிள்ளை. அம்மம்மா எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. பனிக்குள்ள நிண்ட இடம் வரேக்க கொஞ்சம் சத்தமா வாசி. அப்பா குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிறார்.