மகள் ஓட்டிய விமானமும் நான் அழுத மழையும்

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. இறங்கும் இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். அப்படிப்பட்ட நான் ஒரு தடவை வாய் திறந்தேன். ஒரு விமானமே திரும்பிப் போய்விட்டது.

அந்த வருஷம் எங்கள் ஊரில் மழையே இல்லை. பெண்கள் சேர்ந்து மழைச்சோறு எடுத்தோம். வீடு வீடாக உப்பில்லாத சோறு வாங்கி, கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தின்று, ‘இனி இந்த ஊரில் இருக்க மாட்டோம்’ என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பது வழக்கம். எப்போதும் ஆரம்பித்து வைக்கும் அக்காவுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். அழ ஆரம்பித்தேன், நிறுத்தத் தெரியவில்லை. (மாமியார் செத்ததுக்குக்கூட நான் இம்புட்டு அழவில்லையாம். நாத்தனார் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.)

மூன்றாம் நாள் என் மகள் பாண்டீஸ்வரி சென்னையிலிருந்து போன் செய்தாள். பைலட்டாக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“அம்மா, நாளைக்குச் சாயங்காலம் மொதத் தடவையா மதுரைக்கு ஓட்டிட்டு வாரேன். வந்து நில்லு.”

வேன் பிடித்து இருபது பேர் போனோம். ஆரத்தித் தட்டு என் கையில். விமான நிலைய வாசலில் நிற்கும்போதே மேற்கே வானம் கறுத்தது. முதல் துளி தட்டில் விழுந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் அழுகைக்கு வந்த மழையாயிற்றே. மகள் அந்த வானத்துக்குள்தான் இருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மேகத்துக்குள் விமானச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. இடி மட்டும் கேட்டது.

நான் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினேன். “போதும் சாமி, நிப்பாட்டு. அழுதது நாந்தேன். தெரியாம அழுதுட்டேன். மழை வேணாம்.”

பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற ஒரு விவசாயி திரும்பிப் பார்த்தார். “ஏந்தாயி, இப்பத்தேன் நாலு துளி விழுகுது. செத்த வாய மூடு.”

விசாரிக்கப் போன நாத்தனார் ஓடி வந்தாள். “மதினி, எறக்க முடியலையாம். திருச்சிக்குத் திருப்பிட்டாகளாம்.”

“பொம்பளப்புள்ளைல்ல, பயந்துருக்கும்” என்றார் கொழுந்தன்.

ஒரு மணி நேரம் கழித்து, வேனுக்குள் ஒதுங்கியிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. “நல்லாருக்கேம்மா” என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“பயந்துட்டியாத்தா?”

“பயப்படணும்மா. இடிமேகத்துக்கு அடியில மேலருந்து காத்து தபதபன்னு கீழ எறங்கும். எறங்குற விமானத்த அப்படியே தரையில அமுக்கிரும். அதப் பாத்து ஒதுங்கிப் போகத்தேன் இம்புட்டு படிச்சது. வேற ஊருக்குப் போக வேண்டிய எண்ணெயையும் சேத்துப் போட்டுக்கிட்டுத்தேன் கெளம்புவோம்.”

அதை அப்படியே கொழுந்தனிடம் ஒப்பித்தேன். (அன்றைக்கு நான் ரொம்பவே பேசிவிட்டேன்.) அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டார். பிறகு மகளிடம் மழைச்சோறு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பு வேன் முழுக்கக் கேட்டது.

இப்போதும் மதுரைக்கு ஓட்டி வருகிற நாளில், கிளம்புவதற்கு முன் கூப்பிடுவாள்.

“வானிலை அறிக்கை பாத்துட்டேம்மா. காத்து, மேகம் எல்லாம் சரியா இருக்கு. நீ எதும் அழுதியா?”

“இல்லத்தா.”

“அப்ப வாரேன்.”