அதிகாரி தலைக்கு மேல் ஒரு பெட்டி

புதுக்கோட்டையில் சிறுதொழில் சீரமைப்பு அலுவலகம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. 1966-ஆம் வருஷம் அரசாங்கம் மனம் இரங்கி அதற்கு ஒரு கார் கொடுத்தது. அதிகாரி மு. திருப்பதி, பி.ஏ., அதில் ஏறி உட்கார்ந்த அன்றே ஒரு பெருங்குறையைக் கண்டுபிடித்தார். காரில் மனுக்களை வைக்க இடமில்லை.

அலுவலகத்தில் மட்டும் இருந்ததா என்று கேட்காதீர்கள். அங்கே மனுக்கள் அலமாரியில், அலமாரிக்கு மேலே, தண்ணீர்ப் பானைக்கு அடியில் எல்லாம் இருந்தன. போகிற வழியில் மக்கள் காரை மறித்து நீட்டுகிற மனுக்களை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை. மடியில் வைத்தால் வேட்டி கசங்குகிறது.

அந்தச் சமயத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் காட்டினார்கள். அதில் ஒரு காரின் உள்கூரையிலே வழவழவென்று ஒரு பெட்டி பதித்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அதிகாரிக்குப் பசி எடுத்தாற்போல் ஆகிவிட்டது.

"இதைச் செய்ய நம்மூரில் ஆள் உண்டா?"

ஒரே ஓர் ஆள் இருந்தான். ஆவூர்க்காரன் பங்கிராஸ். சென்னையில் படகு செய்கிற பட்டறையில் ஆறு வருஷம் இருந்து ஃபைபர் கிளாஸ் வேலை கற்றவன். கண்ணாடி நாரை விரித்து, பிசினைத் தடவி இறுக விட்டால் சம்மட்டி கொண்டு அடித்தாலும் உடையாது என்பான். திருக்கோகர்ணம் போகிற சாலையில் பட்டறை போட்டிருந்தான். அதற்கு லைசென்ஸ் கேட்டு இதே அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. மார்ச் 31-க்குள் லைசென்ஸ் இல்லாவிட்டால் பட்டறைக்குச் சீல் என்று நோட்டீஸும் இதே அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. மனு போய்ச் சேராவிட்டாலும் நோட்டீஸ் ஒழுங்காக வந்து சேர்ந்ததில் தபால் இலாகாவைக் குறை சொல்ல முடியாது.

"பெட்டியை முடி. ஒன் மனுவைத்தான் முதல்ல அதுக்குள்ள வைப்போம்" என்றார் அதிகாரி. பங்கிராஸ் இதைக் கையெழுத்தே ஆகிவிட்டதாக எடுத்துக்கொண்டான். பாவம், நல்ல வேலைக்காரன்.

பத்திரிகைப் படத்தில் பெட்டி முன்சீட்டுக்கு மேலே இருந்தது. "டிரைவர் தலைக்கு மேல வெச்சா மரியாதை டிரைவருக்குல்ல போகும்?" என்றார் ஹெட்கிளார்க் உடையப்பன். ஆகவே பின்சீட்டுக்கு மேலே, காரின் அகலம் முழுக்க, மூடி கீழ்நோக்கித் திறக்கிற மாதிரி என்று முடிவாயிற்று. ஜன்னல் பக்கம் ஒரு துவாரம். மக்கள் வெளியே நின்றபடியே மனுவைப் போட்டுவிடலாம், அதிகாரி கை படவேண்டியதில்லை.

பங்கிராஸ் அளவுநாடாவோடு போனான். "ஐயா ஒரு தடவ சீட்டுல உக்காந்து காட்டினீங்கன்னா தலைக்கு மேல எம்புட்டு எடம் இருக்குன்னு பாத்துக்கிருவேன்."

உடையப்பன் குறுக்கே பாய்ந்தார். "யாரு தலையை யாருப்பா அளக்கிறது? லைசென்ஸ் இல்லாத பட்டறைக்காரன் ஆபீசர் தலையை அளக்க ரூல் இருக்கா?"

"அளக்காம எப்படிங்க செய்யிறது?"

"அளவு ஏற்கெனவே ரெக்கார்டுல இருக்கு." சர்வீஸ் ரிஜிஸ்டர் வந்தது, தூசி பறந்தது. உடையப்பன் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "உயரம், ஐந்தடி மூன்று அங்குலம். அங்க அடையாளம், இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம்."

பங்கிராஸ் அண்ணாந்து பார்த்தான். "ஐயா இங்கனதான் நிக்கிறாங்க. அஞ்சடி எட்டுக்குக் கொறையாதுங்களே!"

"கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் ரெக்கார்டு ஆகாது தம்பி. வேணும்னா மச்சத்தைச் சரிபார்த்துக்க."

மச்சம் சரியாக இருந்தது. அதிகாரி பதினெட்டு வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எழுதிய கணக்கு அது. அதற்கப்புறம் அரசாங்கச் சாப்பாட்டில் அவர் வளர்ந்தார், ரிஜிஸ்டர் வளரவில்லை. அதிகாரியும் வாயைத் திறக்கவில்லை. தன் உயரத்தைத் தானே சொல்வது தற்புகழ்ச்சி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

பங்கிராஸ் களிமண்ணில் அச்சு எடுத்தான், மெழுகு பூசினான், கண்ணாடி நாரை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் தடவினான். அதிகாரி மேற்பார்வையிட வந்தவர், "பட்டு மாதிரி இருக்கே" என்று அந்த நாரைத் தடவிவிட்டு, அதே கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு நாள் சொறிந்தார். அந்த நாலு நாளும் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து ஆகவில்லை. எப்போதுமே ஆவதில்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெட்டி ஏறியது. அடடா, என்ன வேலை! இடுக்கு தெரியவில்லை, ஆணி தெரியவில்லை, தந்தத்தில் செய்த மாதிரி மின்னியது. பங்கிராஸ் தன் மனுவை உள்ளே வைத்து மூடினான். அதிகாரி ஏறி உட்கார்ந்தார். டொங் என்று கேட்டது.

"என்னய்யா இது?" என்றார், தலையைத் தடவிக்கொண்டே. "பெட்டி தப்பு!"

உடையப்பன் பதறிப்போய்க் காருக்குள் தலையை நீட்டினார். "அப்படிச் சொல்லிராதீங்கய்யா! பெட்டி தப்புன்னா ரிஜிஸ்டர் தப்பு. ரிஜிஸ்டர்ல ஒயரம் தப்புன்னா, அதே பக்கத்துல இருக்கிற பிறந்த தேதியும் சந்தேகம்னு ஆடிட்காரன் எழுதுவான். பிறந்த தேதி சந்தேகம்னா ரிட்டயர்மென்ட்டு..."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். "குனிஞ்சா வசதியாத்தான் இருக்கு" என்றார்.

அன்று முதல் அப்படித்தான் போனார். இலுப்பூர்ச் சாலையில் போகிற கார், உள்ளே தலை குனிந்தபடி ஓர் அதிகாரி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் முதலில் திகைத்தார்கள். அப்புறம் உருகினார்கள். "நம்மளப் பாத்து ஒரு ஆபீசர் தலை குனியிறாரப்பா!" மனு கொடுத்து ஒன்றரை வருஷம் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொடும்பாளூரில் மாலை போட்டார்கள். மாலை காதோடு நின்றுவிட்டது, மேலே இடமில்லை.

பங்கிராஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீக்கடையில் நின்று கத்தினான்: "யோவ், அது பணிவு இல்லய்யா! அஞ்சங்குலம் எடம் பத்தல!"

"நல்லவனப் பாத்தா ஒனக்குப் பொறுக்காதே" என்றார்கள். டீ ஆற்றுகிறவன் கிளாஸை நங்கென்று வைத்தான்.

பணிவு பரவியது. கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் தலை இடிக்கிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள். கார் இல்லாதவர்கள் மாட்டுவண்டிக் கூண்டை ஒரு சாண் இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். பங்கிராஸுக்கு ஏழு ஆர்டர் வந்தது. அவன் வாங்கவில்லை. லைசென்ஸ் வரட்டும் என்று டிரைவர் குழந்தைசாமியைத் தேடிப் போனான்.

"அண்ணே, அந்த மூடியைத் தொறந்து என் மனுவை மட்டும் ஐயா கையில குடுத்திருங்களேன்."

"எப்படிப்பா? ஐயா இல்லாதப்ப மனுப்பெட்டியைத் தொறக்கக்கூடாதுன்னு ஆர்டர். ஐயா உக்காந்திருந்தா தலை இடிச்சு மூடி தொறக்க மாட்டேங்குது."

"அவரு கீழ எறங்கி நிக்கட்டுமே?"

"இப்பல்லாம் எறங்குறதில்ல. எறங்கி நிமுந்து நின்னா சனம் மதிக்க மாட்டேங்குதாம்."

மார்ச் 31 வந்தது, காரும் வந்தது. தெருவே திரண்டுவிட்டது. உடையப்பன் காரிலிருந்து இறங்கி உரக்க வாசித்தார்: "லைசென்ஸ் இன்றிப் பட்டறை நடத்தித் தொழில் செய்தமை தக்க சாட்சியத்துடன் நிரூபணமாகியுள்ளது. சாட்சிப் பொருள், மேற்படி அதிகாரியின் காரில் பொருத்தப்பட்டுள்ள பெட்டி ஒன்று."

பங்கிராஸ் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். நறுக்கென்று நாலு வார்த்தை. ஊர் முன்னால் கேட்டு நாறடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கார் ஜன்னலுக்குப் போனான். உள்ளே அதிகாரி, அவனுக்கு நேராகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பங்கிராஸின் தோளில் கிடந்த துண்டு இறங்கி இடுப்புக்கு வந்தது. இரண்டு கையும் சேர்ந்துவிட்டன.

"என்னங்க இது!" என்றாள் அவன் பெண்டாட்டி அடைக்கலமேரி. "பூட்டுப் போட வந்தவனுக்கா கும்புடு?"

"இல்ல மேரி... அவரு மொதல்ல குனிஞ்சாரு. நாம நிமுந்து நின்னா மரியாதையா இருக்காது."

"நீங்க செஞ்ச பெட்டிங்க அது! ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் பங்கிராஸ். கையைப் பிரிக்கவில்லை.

பூட்டுத் தொங்கியது, அரக்கு வைத்தார்கள். "எம்புட்டுப் பணிவா சீல் வெச்சாரு பாத்தியா" என்று கூட்டம் சொக்கிப்போனது. அடைக்கலமேரி கோபத்தோடு ஜன்னலுக்குப் போனாள். பட்டறையைத் திறந்துவிடக் கேட்டு அவளே ஒரு புது மனு எழுதி வைத்திருந்தாள். துவாரத்தில் போட்டாள். உள்ளே புருஷனுடைய மனுமேல் போய் அது விழுந்தது. கையை எடுக்கும்போது அதிகாரியின் குனிந்த தலை முகத்துக்கு அருகில் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தானும் கொஞ்சம் குனிந்தாள்.

கார் கிளம்பியது. சாலை குண்டும் குழியுமாக இருந்ததால் அதிகாரியின் தலை பெட்டியில் மூன்று தடவை இடித்தது. பெட்டி இம்மியும் அசையவில்லை. "வேலைன்னா அது வேலை" என்றான் பங்கிராஸ், பூட்டின கதவுக்கு முன்னால் நின்றபடி.