மிஷினம்மாவின் சாம்பிள் போர்வை

கோலார் தங்க வயலில் இருட்டுக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். வெடிமருந்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மாமியாருக்கே பயப்படாத ஒருத்தர்கூட இருந்தார். ஆனால் மிஷினம்மாவின் கத்தரிக்கோலுக்குப் பயப்படாத ஓர் ஆளை மாரிகுப்பம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

தையல் மிஷின் வைத்திருந்ததால் மிஷினம்மா. வேறு பெயர் இருந்திருக்கும். கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டு வரிசையில் என் வீடும் அவர் வீடும் ஒட்டினாற்போல, நடுவில் ஒரே ஒரு தட்டிச் சுவர். அவர் மிஷினை மிதித்தால் என் வீட்டு டம்ளர் நடுங்கும். சட்டைக்குத் துணி கொடுத்தால் சட்டை வரும். ஆனால் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று அவர் வீட்டிலேயே தங்கிவிடும். கேட்டால், "உன் ஒடம்புக்கு இது போதும், போ" என்பார்.

வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் அவர் ஒரு துரை வீட்டுக்குத் தைத்துக் கொடுத்து வந்தார். அந்தத் துரைசானியின் கட்டிலில் ஒரு போர்வை கிடக்குமாம். கட்டம் கட்டமாக ஒட்டித் தைத்தது. ஒரு கட்டத்தில் நட்சத்திரம், ஒன்றில் கூடை, ஒன்றில் காற்றாடி. ஒவ்வொரு தினுசிலும் ஒரு மாதிரித் துண்டு இருப்பதால் அதற்குப் பெயர் 'சாம்ப்ளர்' என்று துரைசானி சொல்லியிருக்கிறார். கம்பெனி கைமாறியதும் துரை குடும்பம் கப்பலேறியது, போர்வையும் போயிற்று. மிஷினம்மாவின் மனசு மட்டும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சில வருஷம் கழித்து ஒருநாள் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அறிவித்தார்: "நானும் ஒரு சாம்பிள் போர்வ தைக்கப் போறேன்."

வந்தது வினை. மற்ற ஊரில் சாம்பிள் என்றால் சோப்புக் கம்பெனிக்காரன் கொடுக்கும் ஓசித் துண்டு. எங்கள் ஊரில் அப்படியில்லை. பூமிக்கடியில் பாறையைக் கொஞ்சம் கொத்தி, பையில் போட்டு மேலே அனுப்புவார்கள். அதுதான் சாம்பிள். அதில் தங்கம் தெரிந்தால் அந்த இடத்தை வெட்ட வந்துவிடுவார்கள். முதலில் சாம்பிள், பிறகு வெட்டு. இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

"யாருக்கு இந்தப் போர்வ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்குத்தான். அந்தாளு இருந்த வரைக்கும் போர்வய அவரே இழுத்துக்கினாரு. நான் குளிர்ல சுருண்டுகினு கெடந்தேன். இனிமேலாவது எனக்குன்னு ஒண்ணு, கால்லேர்ந்து தலை வரைக்கும் போத்திக்கணும்."

இதை ஒருவரும் நம்பவில்லை. ஒரு பொம்பளை தனக்காக, வெறும் ஆசைக்காக, இத்தனை பாடுபடுவாளா? அதைவிடப் பேயை நம்புவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. மிஷினம்மாவின் புருஷன் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து போனவர். உடம்பும் கிடைக்கவில்லை. ஆகவே லைன் முழுவதும் ஒரே முடிவுக்கு வந்தது: "கீழ கீறவன் சாம்பிள் கேக்கறான். யாரு துணி புடிக்குதோ அவங்கள வெட்டி எடுத்துக்குவான்."

நான் சிரித்தேன். ஒரு மத்தியானம் வரைக்கும்தான் சிரித்தேன்.

அன்று சட்டை வாங்கப் போயிருந்தேன். ஆலைக் கழிவு மேட்டிலிருந்து காற்று வெள்ளைப் புழுதியை வாரி வந்து வாசற்படியில் போட்டுக்கொண்டிருந்தது. மிஷினில் என் கோடு போட்ட சட்டைத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது; அதைப் போர்வைக்கு ஏணி மாதிரி தைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று காலை எடுத்தார். சக்கரத்தின்மேல் கையை வைத்து, "இரு தம்பி" என்றார். தெருவில் நாய்கூட வாயை மூடிக்கொண்டது. அப்புறம்தான் தரைக்கடியில் திம்மென்று ஒரு சத்தம். வீடு ஆடியது, பானை உருண்டது. எங்கோ ஆழத்தில் பாறை தானாக வெடித்திருக்கிறது. எங்களூரில் அது சகஜம். ஆனால் அது வருமுன் மிஷினை நிறுத்துவது சகஜமில்லை.

"எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

"இன்னா தெரிஞ்சுது? நூலு அறுந்துச்சு, நிறுத்தினேன்."

நூல் அறுந்திருக்கவில்லை. நான் பார்த்தேன். பேச்சை மாற்றுவதற்காக, "இந்த ஏணி மேல போவுதா, கீழ போவுதா?" என்று கேட்டேன். "நீ எங்க நிக்கிறியோ அதப் பொறுத்து" என்றார். எனக்குச் சட்டையே வேண்டாம் போலாகிவிட்டது.

அதிலிருந்து தட்டிக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றால் இந்தப் பக்கம் என் மூச்சு நிற்கும். பெரும்பாலும் ஊசி மாற்றத்தான் நிறுத்தியிருப்பார். இருந்தாலும் நானும் என் மனைவியும் வாசலில் நிற்போம். எங்களைப் பார்த்து லைனே வாசலுக்கு வரும்.

கடைசியில் மேஸ்திரி படை திரட்டினார். சுரங்கத்தில் என் கேங்குக்கு அவர்தான் தலைவர். மீசை மட்டும் தனியாக ஷிஃப்டுக்குப் போகும் அளவுக்குப் பெரியது. "எங்க துண்டயெல்லாம் பிரிச்சுக் குடுத்துடும்மா. புள்ளகுட்டிக்காரங்க நாங்க."

மிஷினம்மா திட்டுவார் என்று எல்லாரும் இரண்டடி தள்ளியே நின்றோம். அவர் திட்டவில்லை. முடியும் தறுவாயில் இருந்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, தையலைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சுக்கலாம்னு பார்த்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். என் முறை வந்தது. போர்வை எங்கும் ஓட்டை. நடுவில் என் ஏணி மட்டும். "அக்கா, தீப்பெட்டி கீதா?" என்று கேட்டு, அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். துண்டை விட்டுவிட்டு வந்ததற்கு வீட்டில் எனக்கு விழுந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரமே சுரங்கத்துக்குள் நாங்கள் வேலை செய்த லெவலில் பாறை வெடித்தது. விளக்குகள் போயின. மேஸ்திரி எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். பாறை அவர் காலில் விழுந்தது, என் மேல் ஒரு கல்கூட விழவில்லை. ஆட்களை மேலே இழுக்கும் கேஜ் வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு ஏணி வழியாகவே மேல் லெவலுக்கு ஏறினோம். அந்த இருட்டில் ஒவ்வொரு படியிலும் போர்வையிலிருந்த என் சட்டைக் கோடுதான் கண்முன் வந்தது.

துண்டை விட்டுவைத்த எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தி எங்களுக்கு முன்னால் லைனுக்குப் போய்விட்டது. மறுநாள் மிஷினம்மா வீட்டு வாசலில் கூட்டம். திருப்பி வாங்கியவர்கள் எல்லாரும் துண்டும் கையுமாக நின்றார்கள். ஒருவர் மனைவியின் கல்யாணப் பட்டுச் சேலையையே வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"போங்கய்யா! இது உங்க உசுருக்கு இல்ல, என் முதுகுக்கு! எனக்குப் புடிச்ச கலர நான் பொறுக்கிக்கறேன். அந்தப் பச்ச வேணாம், கண்ண உறுத்துது."

போர்வை முடிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், தூறலும் குளிருமாக இருந்தபோது, பூமி மறுபடி ஆடியது. எல்லாரும் வெளியே ஓடி வந்தோம். மிஷினம்மா மட்டும் வரவில்லை. அன்று மிஷின் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. கதவைத் தள்ளினோம். கட்டிலில் தலை முதல் கால்வரை போர்வை மூடியிருந்தது. நெஞ்சின்மேல் என் ஏணி. அது அசையவில்லை. மெதுவாகப் போர்வை நுனியைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளிருந்து எதுவோ அதை வெடுக்கென்று திருப்பி இழுத்தது!

நாங்கள் அலறிய அலறலில் மேஸ்திரி கைத்தடியை விட்டுவிட்டு இரண்டு காலாலும் ஓடினார்.

"இழுக்கறவரு போய்ச் சேர்ந்தாருன்னு பார்த்தா," என்றது போர்வை, "நீங்க வந்துட்டீங்களா?"

வாசலிலிருந்து மேஸ்திரியின் குரல் மட்டும் வந்தது. "எம்மா, என் துண்டு அதுல கீதா?"

"கீது, கீது. கால்மாட்டுல."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் வரைக்கும் எங்கள் லைனில் ஒரு குழந்தையைக்கூட நாங்கள் அழவிடவில்லை.