ஐரிஷ் ஊர்வலத்துக்கு நெய்ச்சோறு கொண்டுபோன விவரம்

தெய்ரா, துபாய்
ஞாயிற்றுக்கிழமை, சுபுஹுக்குப் பின்

கண்ணியத்துக்குரிய மச்சான் ஜனாப் மக்தூம் அவர்களின் மேலான சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் லுக்மான் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஹஃபீஸாவும் மகள் அஃபீஃபாவும் என் தம்பி சாகிரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கீழக்கரையில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாயிருக்கவும், தங்கள் முழங்கால் வலி குறையவும் ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம்.

தாங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட நீண்ட உபதேசத்துக்கு யாரோ சிரிக்கும் பொம்மையைப் பதிலாகப் போட்டதிலிருந்து தாங்கள் குழுவை விட்டு விலகி, இனி எதுவானாலும் காகிதத்தில் எழுதித்தான் வரவேண்டும் என்று உத்தரவிட்டிருப்பதால் இந்தக் கடிதம். பொம்மையைப் போட்டது நான் இல்லை. பத்தொன்பது வருடமாக தெய்ராவில் டைப்பிங் சென்டர் வைத்து, ஊரார் விசாவுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற எனக்கு எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒழுங்காகத் தொடங்குகிறேன். அயர்லாந்துக்காரர்களுக்கு பேட்ரிக் என்று ஒரு பெரியவர். மார்ச் பதினேழு அவருடைய நாள். அன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் பச்சை உடுத்தி, பச்சைக்கொடி பிடித்து, மேளம் கொட்டி ஊர்வலம் போவார்களாம். இங்கே உள்ளவர்களும் ஒரு பூங்காவில் நடத்துகிறார்கள். இந்த வருடம் அந்த நாள் நோன்புக்குள் வந்துவிட்டதால் பெருநாள் கழித்து ஒரு சனிக்கிழமைக்கு அவர்களாகவே தள்ளிவைத்தார்கள். அஃபீஃபாவின் பள்ளிக்கூடத்து பேண்டை நடத்துகிற டீச்சர் அயர்லாந்துக்காரம்மா. அதனால் பேண்ட் மொத்தமும் ஊர்வலத்தில் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நம் பிள்ளைக்கு டிரம். ஆறு மாதமாக வீட்டில் சாப்பாட்டு மேஜை, என் முதுகு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் பழகிக்கொண்டிருந்தாள்.

தாங்கள் போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்த நாள்ல அவனுவ விடியக்காலையிலயே குடிக்க ஆரம்பிச்சிருவானுவளாம். அந்தக் கூட்டத்துல நம்ம புள்ளயா?" என்றீர்கள். நோட்டீஸில் குடும்பத்தோடு வரலாம் என்று போட்டிருக்கிறதே என்றேன். "நோட்டீஸ் அடிக்கிறவன் வேற என்ன போடுவான்? குடும்பத்தோட வராதேன்னா போடுவான்? பேர் கொடுத்தாச்சு, இந்த ஒரு தடவை போகட்டும். நீ கூடப் போய் உன் கண்ணால பாரு. குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா, எழுத்துல கொடு. ஆகாதுன்னா அன்னிக்கோட டிரம் முடிஞ்சிது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஹஃபீஸாவுக்குத் தங்கள் வார்த்தை கல்லில் எழுத்து. எனக்கும்தான். ஆனால் நான் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் உடும்புப்பிடி என்பது தாங்கள் அறிந்ததே. இந்த ஊர்வலத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஒரு பெரியவர் பெயரால் ஒரு நாள், பச்சைக்கொடி, மேளம், ஊர்வலம். கீழக்கரையில் பிறந்த எவனிடம் இதைச் சொன்னாலும் அவன் கந்தூரி என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். "கந்தூரிக்கு வெறுங்கையோட போயி நிக்கிறதா? நாளைக்கி அந்த டீச்சர் நம்மள என்னன்னு நெனைக்கும்?" என்று ஹஃபீஸா ஒரு போடு போட்டாள். அதில் நியாயம் இருந்தது. பக்கத்து நைஃப் பகுதியில் மெஸ் நடத்துகிற முகம்மது ரிபாயிடம் சொல்லி ஒரு பெரிய தேக்சா நெய்ச்சோறும் ஒரு வாளி தாளிச்சாக் குழம்பும் ஆக்கச் சொன்னேன். ரிபாய் எத்தனை பேருக்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அவுலியாவோட ஊர்வலம்னா கொறஞ்சது இருநூறு பேரு வருவான்" என்று அவரே கணக்குப் போட்டு, இருநூறு பேருக்கு ஆக்கிவிட்டார்.

சாகிரின் பிக்கப்பில் தேக்சாவை ஏற்றிக்கொண்டு, அஸர் தொழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் செக்யூரிட்டி, பாகிஸ்தான்காரர், நல்ல உயரம். "க்யா ஹை பாய் யே?" என்று தடுத்தார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, காகிதம் எங்கே என்றார். என்னிடமே காகிதம் கேட்கிறார்! விற்கக் கொண்டுவரவில்லை, நேர்ச்சை என்று எந்தப் பாஷையில் சொல்வது என்று நான் திகைத்து நிற்க, சாகிர் முந்திக்கொண்டு, "தபர்ருக் ஹை பாய், தபர்ருக்" என்றான். அவ்வளவுதான். மனிதர் முகம் மாறிவிட்டது. மாஷா அல்லாஹ் என்று சொல்லி, பிஸ்மி சொல்லி ஒரு தட்டு வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கூட வேலை பார்க்கிற இரண்டு பேரையும் கூப்பிட்டு, தேக்சாவை உள்ளே தூக்கிவைக்க ஒரு கை கொடுத்தார். ஆகப் பாதுகாப்பு ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது முக்கியமான சோதனை, குடி. தேக்சாவைச் சாகிரிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். உள்ளே நுழைந்ததுமே ஆறடி ஆள் ஒருவர், சிவந்த தாடி, கையில் காகித டம்ளர், டம்ளரில் கன்னங்கரேல் என்று ஏதோ, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. சிக்கினான் என்று நினைத்து, பின்னாலேயே போனேன். அவர் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். கடைசியில் அவரே திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. என் மகள் பேண்டில் வாசிக்கிறாள், என் மச்சானுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், தங்கள் டம்ளரை முகர்ந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தது, பிறகு மனிதர் டம்ளரை மரியாதையாக நீட்டினார். காப்பி, ஐஸ் போட்டது. ஒன்றை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதால் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒன்று புதினா போட்ட எலுமிச்சை ஜூஸ், ஒன்று வெறும் தண்ணீர். அதற்குள் செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது, நான்காவது ஆள் நான் வாயைத் திறக்குமுன் டம்ளரை மூக்குக்கு நேரே கொண்டுவந்துவிட்டார். பச்சைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் சோதனைக்கு என்று தேடிவந்து இருமல் மருந்து பாட்டிலைக் காட்டிவிட்டுப் போனார். பூங்காவுக்குள் மது அறவே கிடையாது, வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் ஹஃபீஸா சொன்னாள். பலகையை நான் பார்க்கவில்லை, தேக்சாவைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பெரியவர் விஷயம். நம் ஊரில் சந்தனக்கூட்டைத்தான் சுமந்து வருவோம், இவர்களுடைய கூடு எங்கே என்று தேடினேன். பார்த்தால், நீளப் பச்சை அங்கியும், பஞ்சுத் தாடியும், நுனி வளைந்த கோலுமாக ஒருவர் தானே நடந்து வருகிறார். வேடம்தான், சாதாரண நாளில் எங்கோ கப்பல் ஆபீசில் வேலையாம். அது தெரியாமல் நான் இரண்டு கையாலும் முஸாபஹா செய்துவிட்டேன். அவரும் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் கொடுத்தார். தங்கள் பெரியவர் என்ன செய்தார் என்று கேட்டேன். அயர்லாந்திலிருந்து பாம்புகளையெல்லாம் விரட்டினார் என்பது ஐதீகமாம். நல்ல காரியம்தான் என்று சொன்னேன்.

இனி எழுதப்போவதுதான் மனதுக்குக் கஷ்டமான பகுதி. முப்பது வருடமாக நம் ஊர்க் கந்தூரி ஊர்வலத்தை முன்னின்று நடத்துகிற தாங்கள், ஊர்வலம் வரும்போது பாதையில் சோறு பிரிக்கக்கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொள்வீர்களே, அதே தவறு இங்கே நடந்தது. நான் டம்ளர் சோதனையில் இருந்த நேரம், சாகிர் தேக்சாவின் மூடியைத் திறந்துவிட்டான். நெய் வாசம் பூங்கா முழுக்கப் போயிற்று. பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் வந்தார்கள், அவர்களைத் தேடித் தகப்பன்மார் வந்தார்கள். "யல்லா யல்லா, லைன்ல வாங்க பாய், ஜல்தி!" என்று சாகிர் கூவ, அயர்லாந்துக்காரர்கள் வரிசையில் நிற்பதில் கெட்டிக்காரர்கள், ஒருவரை ஒருவர் இடிக்காமல் நூறு பேர் நின்றார்கள். அந்த வரிசை ஊர்வலப் பாதைக்குக் குறுக்கே நீண்டு அந்தப் பக்கத்துப் புல்வெளி வரை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஊர்வலம் கிளம்பி வர, முன்னால் வந்த பெரியவர் நின்றார், பின்னால் கொடிகள் நின்றன, அதற்குப் பின்னால் பேண்ட் நின்றது. ஒரு அம்மா விசிலோடு ஓடிவந்து, "சார், உங்கள் சோறு எங்கள் ஊர்வலத்தை நிறுத்திவிட்டது" என்றது. வெட்கத்தில் என் உயிரே போய்விட்டது, மச்சான். நான் ஓடிப்போய்ச் சாகிரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கி, தேக்சாவைப் பின்னுக்கு இழுத்து, வரிசையை மரத்தடிக்குத் திருப்பி, பேய் மாதிரி அள்ளி அள்ளிப் போட்டேன். பெரியவரும் ஒரு தட்டு கேட்டார், தாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். பாதை திறந்தது. மேளச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கடந்து போனது. தேக்சா காலியானபோது ஊர்வலமும் முடிந்திருந்தது.

ஆக என் அறிக்கை. குடி இல்லை. கெட்ட பேச்சு இல்லை. உடையில் குறை இல்லை, பச்சை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மக்ரிபுக்குப் பாங்கு சொன்னபோது மேடையில் பாட்டை நிறுத்தினார்கள். நடந்த ஒழுங்கீனம் மொத்தம் மூன்று. பாதையை மறித்தது நான். கூச்சல் போட்டது சாகிர். தாளிச்சா வாளியைப் புல்லில் கவிழ்த்தது ஹஃபீஸா. ஊர்வலம் எந்தக் குடும்பத்துக்கும் ஆகும், நம் குடும்பம்தான் எந்த ஊர்வலத்துக்கும் ஆகாது. இனி அந்த அயர்லாந்துக்காரம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஆகையால் தாங்கள் விரும்பியபடியே டிரம்மை நிறுத்துவதென்று தீர்மானித்துவிட்டேன். அஃபீஃபாவை அடுத்த வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கிறேன். அங்கே யாரும் ஊர்வலம் போகமாட்டார்கள். இது முடிந்த முடிவு. யார் சொன்னாலும், அழுதாலும், சாப்பிடாமல் கிடந்தாலும் மாற்றமில்லை.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் சலாமும் சிறியவர்களுக்கு என் முத்தமும் சேரட்டும். வல்ல ரஹ்மான் நம் எல்லாருக்கும் ஒரே ஸுஃப்ரா விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியத்தைத் தரட்டும். ஆமீன்.

தங்கள் துஆவை நாடும்,
லுக்மான்

பி.கு.: மேலே உள்ளதைத் தயவுசெய்து படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், இதைக் கையில் கொண்டுவருகிற முகம்மது யூசுப் ஏர்போர்ட் போகக் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். விஷயம் இதுதான். ஹஃபீஸா கடிதத்தை வாங்கி, தமிழ் படிக்கத் தெரியாத அஃபீஃபாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினாள். டம்ளரை முகர்ந்த இடத்தில் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. டிரம்மை நிறுத்துகிற இடத்தில் அழும் என்று பார்த்தேன், அழவில்லை. "இந்த லெட்டர்ல எல்லாரும் வர்றாங்க வாப்பா, செக்யூரிட்டி அங்கிள்கூட வர்றாரு. நான் வாசிச்சது வரவே இல்லையே. யூ டிட்ன்ட் சீ மீ?" என்று கேட்டது. நான் பார்க்கவில்லை. என் மகள் என் முதுகுக்குப் பின்னால் கடந்து போயிருக்கிறாள், நான் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆகவே அடுத்த வருட பேண்டுக்கான படிவத்தில் இப்போதுதான் கையெழுத்துப் போட்டேன். இதற்குத் தங்கள் அனுமதியைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். தங்களுக்கும் விசிட் விசா படிவம் நிரப்பி வைத்துவிட்டேன், பாஸ்போர்ட் காப்பி மட்டும் அனுப்புங்கள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில், மருமகள் வாசிப்பதைப் பார்க்க என்று அடித்திருக்கிறேன்.