தொட்டிலுக்கு உறை மாற்றிய தர்மகர்த்தா

தர்மகர்த்தா என்றால் தர்மத்தைத் தின்று கொழுத்தவர் என்றுதானே நினைக்கிறீர்கள்? அது பழைய இனம், கோர்ட்டில் பிடித்துவிடலாம். கோயமுத்தூர்ச் சீமையில் இப்போது பெருகிவரும் இனம் வேறு. ஒரு துரும்பைக்கூடத் தொடாது, பிறரையும் தொடவிடாது.

ஆறுச்சாமிக் கவுண்டரையே பாருங்கள். பிள்ளையில்லாத ராசாத்தாள், பொள்ளாச்சி சாலையோரத்துத் தன் வீட்டில் வழியில் வலி கண்ட ஏழைப் பெண்கள் பிள்ளை பெற்றுப் போகட்டும் என்று சாசனம் எழுதி, நாணயஸ்தர் என்று இவரிடம் ஒப்படைத்துக் கண்ணை மூடினாள். ஆறு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவரே கட்டிலைத் துடைத்து, தொட்டிலுக்கு உறை மாற்றி, சுவரில் ஈரம் கசிகிறதா என்று தடவிப் பார்த்து, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். தர்மச் சொத்தைத் தன் சொத்தாகவே பாவித்துக் காக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னாராம். பாவித்தார். தம் வீட்டுக் கட்டிலில் யாரைப் படுக்கவிட்டார், இதில் விட?

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஆனைமலையிலிருந்து வந்த வண்டியொன்று அந்தப் பிரசவ விடுதி வாசலில் நின்றது. முஸ்தபா குதித்து இறங்கினான்.

"ஏனுங் கவுண்டரே, சம்சாரத்துக்கு வலி கண்டுருச்சுங்க! கதவைத் தொறந்து உடுங்க!"

கவுண்டர் பதறினார். முந்தாநாள்தான் வெள்ளையடித்திருந்தது.

"தொறக்காம என்னங்க? உங்களுக்குன்னு எழுதி வெச்சதுதானுங்க. ஒரு மனு மட்டும் எழுதிக் குடுங்க. கமிட்டி கூடி முடிவு பண்ணிப்போடுமுங்க."

"கமிட்டி எப்பங்க கூடும்?"

"தையிலீங்க."

வண்டிக்குள் ஜன்னத் அலறினாள். எதிர்வீட்டு மருத்துவச்சி மாரியாத்தாள் வெந்நீரோடு ஓடிவந்தாள்.

"தை வரைக்கும் புள்ளை உள்ளயே இருக்குமா? சாவியைக் குடு சாமி!"

கவுண்டரின் கை மடிக்குப் போய் நின்றது. இரக்கம் வராமலில்லை. ஆனால் இன்று ஒருத்திக்குத் திறந்தால் நாளை இன்னொருத்தியும் வந்து பெறுவாளே! அப்புறம் விடுதி என்னத்துக்கு ஆகும்?

"வண்டியைச் சுத்திச் சேலையைக் கட்டிக்குங்க அம்மணி. வாசல்ல நல்ல நெழலுங்க."

வண்டியிலேயே பிறந்தது. அழவில்லை. மாரியாத்தாள் முதுகில் தட்டத் தட்ட, கவுண்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவழியாக வீறிட்டது. அவர் கண்ணிலும் நீர். துடைத்துக்கொண்டு நேரே போய் ஆண்டறிக்கையில் எழுதினார்: "இவ்வருஷம் நமது விடுதியின் ஆதரவில் ஒரு சுகப்பிரசவம். சாமான்களுக்குச் சேதமில்லை."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களை நம்பி எவரேனும் எதையேனும் ஒப்படைத்திருந்தால், அதற்கு உரியவர் வந்து கேட்கும்போது உங்களுக்கு முதலில் வருவது சந்தோஷமா, 'இவனுக்கு என்ன அவசரம்?' என்ற எரிச்சலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எரிச்சல்தான் என்றால் வெளியே சொல்லாதீர்கள். தெரிந்தால் அடுத்த தர்மத்துக்கு உங்களைத்தான் தேடி வருவார்கள்.