சர்க்கரை டப்பாவும் மகளின் கெமிக்கல் படிப்பும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு உங்கள் அக்காவும் என் மகளும் நலம். நான் நலமா என்பது போகப் போகத் தெரியும். அங்கு எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இல்லையே.

கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவளை அந்தத் துறையில் சேர்க்கச் சொன்னது நீங்கள்தான். நீங்களே அவளை வேறு துறைக்கு மாற்றித் தர வேண்டும். படிப்பு முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

குடுவை, புகை என்று ஏதோ சொல்லித்தருவார்கள் என்றிருந்தேன். இவள் ஒரு பெட்டி வரைகிறாள், இந்தப் பக்கம் ஒரு அம்பு, அந்தப் பக்கம் ஒரு அம்பு. உள்ளே போனது வெளியே வர வேண்டும், வராவிட்டால் உள்ளேயே இருக்க வேண்டும், இவ்வளவுதான், இதற்கு நாலு வருடம். தொழிற்சாலைக்குப் போட வேண்டிய அந்தப் பெட்டியை நம் சமையலறைக்குப் போட்டுவிட்டாள். மாதம் உள்ளே வந்த சர்க்கரை இரண்டு கிலோ, டீயில் கரைந்தது ஒன்றேகால், டப்பாவில் மிச்சம் கால். அரைக் கிலோ எங்கே என்று கேட்கிறாள். டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருடமாகிறது, எனக்கென்ன தெரியும்? எறும்பு என்றேன். டப்பாவைச் சுற்றி எறும்புப்பொடி கோடு போட்டாள், அடுத்த வாரமும் குறைந்தது. ஆவியாகியிருக்கும் என்றேன். ஒரு கரண்டிச் சர்க்கரையைத் தட்டில் கொட்டி மூன்று நாள் எடை போட்டாள், இம்மி குறையவில்லை. கடைசியில் என்னைக் கொண்டுபோய் எடை மெஷினில் நிறுத்தினாள்.

"சர்க்கரை காணாமப் போகலப்பா. இடம் மாறியிருக்கு."

மருந்து கேட்கவில்லை என்று பயந்து எனக்காக மூன்று டாக்டர் மாற்றிய உங்கள் அக்கா, அவர்கள் எழுதிய மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மச்சான், வெட்கமாகப் போய்விட்டது. ஆகவே தப்பு அந்தப் படிப்பின் மேல்தான்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் டப்பாக்கள் என்றும் நிறைந்திருக்கட்டும், யாரும் எடை போடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் மகள் வந்தாள். ஒரு சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்துவிட்டதாம். ஆலைக்குள் எந்த இடத்தில் சர்க்கரை வீணாகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. முன்அனுபவம் உண்டா என்று நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். நம் வீட்டு டப்பாவைச் சொல்லியிருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேலை உத்தரவைக் கொடுத்துவிட்டார்களாம். எனவே துறை மாற்றம் வேண்டாம், அதைப்போல் படிப்பு வேறில்லை. அந்த அரைக் கிலோவைத் தின்றது நான்தான். நான் தின்னாவிட்டால் பிள்ளைக்கு ஏது வேலை? இதை உங்கள் அக்காவிடம் நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை.